பிக்கப் வண்டியும் ஐந்தாம் சக்கரமும்: டென்வரில் இருக்கும் தம்பிக்கு

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வேலையில் இருக்கிறார். வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. அங்கே 'அரை டன்' என்று சொல்கிற வகை. இப்போது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு டிரெய்லர் ஒன்றை வாங்கப்போகிறார். பிக்கப்பின் முதுகிலேயே ஏறி உட்காரும் 'ஃபிஃப்த் வீல்' வகை. "உங்கள் வண்டி 12,000 பவுண்டு இழுக்கும், இந்த டிரெய்லர் முழுச் சுமையோடு 12,000 பவுண்டுதான், அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது" என்று விற்பவர் சொன்னாராம். ஜூன் மாதம் பெற்றோர் அங்கே போனதும் பேரனையும் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போவதாகத் திட்டம். இது பாதுகாப்பானதா, அவன் என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது கேள்வி.

ஐயா, அந்த வண்டியில் அந்த டிரெய்லர் வேண்டாம். தம்பி இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இன்று இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நான் தர்மபுரிக்காரன். இருபத்தாறு வருடம் டிரெய்லர் லாரி ஓட்டினேன். பிறகு புது ஓட்டுநர்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். மகளை கொலராடோவில் கொடுத்திருக்கிறோம். அங்கே ஆறு மாதம் தங்கியபோது எங்கள் மாப்பிள்ளை இதே வகை டிரெய்லரை இழுப்பதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். காலி மைதானத்தில் நானும் ஓட்டிப் பார்த்தேன். நம் ஊர் நாற்பது அடி டிரெய்லரில் முன்பக்க அடியில் தொங்குகிற இரும்பு முளையான அதே கிங் பின், இழுக்கும் வண்டியில் அதைக் கவ்விப் பிடிக்கிற அதே தாடை, அதே பூட்டுதான் அங்கேயும், அளவில் சிறியதாக. ஐந்தாம் சக்கரம் என்று பெயரே தவிர, அது உருளுகிற சக்கரம் இல்லை. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சின் மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்து, வண்டி திரும்ப வழிசெய்தார்கள். அந்த வளையத்தின் பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விற்பவர் பொய் சொல்லவில்லை. இழுக்கும் எடையைச் சொன்னார், சுமக்கும் எடையைச் சொல்லவில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது லாரி இல்லை, மாட்டு வண்டி. என் அப்பா பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி அடித்தவர். பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் அழுந்தும். கொஞ்ச தூரத்தில் கால் தள்ளாடும். கரும்பைக் குறைக்க மாட்டார். நாலு கட்டை முன்னே, நாலு கட்டை பின்னே என்று மாற்றி அடுக்குவார்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் முன்பார வண்டி. அதன் மொத்த எடையில் சுமார் 15 முதல் 25 விழுக்காடு கிங் பின் வழியாகப் பிக்கப்பின் முதுகில் இறங்கும். நடுவாக 20 என்று வைத்துக்கொண்டால், 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 2,400 பவுண்டு; நம் கணக்கில் ஏறக்குறைய 1,090 கிலோ. இனி தம்பி தன் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து பார்க்கட்டும். கதவு மூடும் தூணில் டயர் காற்றளவு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். விளம்பரத் தாளில் இருப்பது அந்த வகை வண்டிக்குப் பொதுவான எண். இது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண்.

அரை டன் வண்டியில் அது 1,600 பவுண்டு என்று வைப்போம். மகன், மருமகள், பேரன், நீங்கள், அம்மா என்று ஐந்து பேர். கைப்பையும் தண்ணீரும் சேர்த்து 700 பவுண்டு. பின்னால் பொருத்துகிற இரும்புப் பூட்டின் எடை 150. மீதி 750 பவுண்டு. அதன் மேல் 2,400 பவுண்டு உட்காரப்போகிறது. கூடுதலாக 1,650 பவுண்டு, அதாவது பதினைந்து மூட்டை சிமெண்ட். பின் வில் பட்டைகள் படிந்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். இரவில் விளக்கு மரக்கிளையைக் காட்டும். பின் டயர்கள் தாங்கும் அளவுக்கு மேல் சுமந்து உள்ளுக்குள்ளே வேகும். அப்படியும் எஞ்சின் இழுக்கும். அது இழுப்பதால்தான் எல்லாம் சரியாக இருப்பதாக ஓட்டுநருக்குத் தோன்றுகிறது.

அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டி வாங்கினால் போதுமா என்று தம்பி கேட்பார். டீசல் எஞ்சின் போட்ட முக்கால் டன் வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் எண் 2,400 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் பல நேரம் இருக்கிறது. ஆட்களையும் பூட்டையும் கழித்தால் மிஞ்சுவது 1,550. அதுவும் போதாது. ஒரு டன் வண்டிதான் இந்த டிரெய்லருக்கு ஜோடி. இல்லையா, வண்டியை வைத்துக்கொண்டு டிரெய்லரைச் சின்னதாக்கட்டும். எங்கள் மாப்பிள்ளை இரண்டாவதைத்தான் செய்தார். மகளுக்கு அப்போது வருத்தம்தான், சமையலறை சிறியதாகிவிட்டதாம்.

இன்னொரு ஏமாற்றும் எண், டிரெய்லரின் வெற்று எடை. தண்ணீர், எரிவாயு, பாத்திரம், துணிமணி எதுவும் இல்லாமல் தொழிற்சாலை வாசலில் நின்றபோது இருந்த எடை அது. அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. முழுச் சுமைக்கான உச்ச எடையை வைத்தே போடவேண்டும். வாங்கிய பிறகு சாமான் எல்லாம் ஏற்றி எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கட்டும். அங்கே நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை காட்டும் மேடைகள் இருக்கின்றன. டிரெய்லரோடு ஒருமுறை, அதைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. வண்டியின் இரண்டு அச்சுகளிலும் கூடியிருக்கிற எடைதான் கிங் பின் எடை.

பூட்டுவதைப் பற்றி என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓசூரில் ஒரு தொழிற்சாலை வளாகத்தில் சரக்கு ஏற்றி நின்ற டிரெய்லரைப் பூட்டப் போனேன். விடியற்காலை, மழைத் தூறல். பின்னால் வந்து முட்டினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பூட்டு விழுந்த சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். கிளீனர் பையன் டிரெய்லரைத் தாங்கி நிற்கிற முன்கால்களைச் சுற்றி மேலே ஏற்றிவிட்டு, "ரைட் அண்ணே" என்றான். வண்டியை எடுத்தேன். பத்தடி போனதும் பின்னால் தட்டு உரசுகிற ஓசை. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூக்கு மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த நொடி தரையில் இருந்தது. நடந்தது இதுதான்: டிரெய்லரின் முன்பக்கம் ஓர் அங்குலம் உயரமாக நின்றிருக்கிறது. கிங் பின் தாடைக்குள் நுழையாமல், தாடையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பையன் இரண்டடி தள்ளி நின்றதால் கால் தப்பியது. கிரேன் வரும்வரை அந்த வளாகமே என்னை வேடிக்கை பார்த்தது.

பிக்கப்பில் இது நடந்தால் டிரெய்லர் தரையில் விழாது, வண்டித் தொட்டியின் இரண்டு பக்கச் சுவர்களின் மேல் விழுந்து நசுக்கும். அதனால் தம்பிக்கு நான் சொல்கிற வரிசையை அவர் மாற்றவே கூடாது. டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின் கதவைக் கீழே இறக்குவது. டிரெய்லரின் தட்டு, பூட்டின் தட்டைவிட ஒரு மயிரிழை தாழ்வாக இருக்கும்படி கால்களைச் சரிசெய்வது; பின்னால் வரும்போது தட்டு டிரெய்லரைச் சற்றே தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். பூட்டு விழுந்ததும் இறங்கிப் போய், டார்ச் அடித்து, தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. பூட்டின் கைப்பிடி தானாகத் திறக்காதபடி அதற்கு ஊசி போடுவது. மின் இணைப்பைச் செருகுவது. பிறகு கட்டைகள் இருக்கும்போதே, கால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே, டிரெய்லர் பிரேக்கை ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கை நெம்பால் பிடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பார்ப்பது. பூட்டு சரியில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். டிரெய்லர் விழுவதற்கு இடமிருக்காது. இந்த ஒரு இழுவையை நான் அன்று செய்திருந்தால் ஓசூரில் எனக்கு மானம் மிஞ்சியிருக்கும்.

இதோடு ஒரு மெல்லிய கம்பிக் கயிறு உண்டு. டிரெய்லர் ஓடும்போது கழன்றுவிட்டால் அந்தக் கயிறு இழுபட்டு ஓர் ஊசியைப் பிடுங்கும். டிரெய்லரில் இருக்கிற பேட்டரி அதன் பிரேக்கை முழுவதும் பிடித்துவிடும். சிலர் கயிற்றைப் பூட்டின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறார்கள். பூட்டே பெயர்ந்து வந்தால் கயிறும் சேர்ந்து வந்துவிடுமே! வண்டியின் உடம்பில் உறுதியான வளையத்தில் மாட்டவேண்டும். அந்தப் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் குறைவு.

குட்டைத் தொட்டி வண்டியாக இருந்தால் முறுக்கித் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின் கண்ணாடியில் இடிக்கும். அதற்கென்று பின்னால் நகரும் வகைப் பூட்டு இருக்கிறது, அதை வாங்கட்டும். தொட்டியின் மேல் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் நடுவே ஐந்தரை, ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். மேடு பள்ளத்தில் இரண்டும் உரசிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

இனி இறக்கம். உங்கள் மகன் போக நினைப்பது மலைப்பக்கம் என்பதால் இங்கேதான் எனக்குப் பயம்.

நமக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். பெங்களூரிலிருந்து வரும் வண்டி கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று தட்டையாக ஓடிவந்து, பாளையம்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சேலம் பக்கமாகச் சரிகிறது. இரட்டைப் பாலம் என்ற பெயரைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! அங்கே கவிழ்ந்த லாரிகளில் பலவற்றுக்கு எஞ்சினில் கோளாறு இல்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். எஞ்சின் பிடிமானம் போய்விட்டால் மொத்த பாரத்தையும் பிரேக் மட்டுமே பிடிக்கவேண்டும். முதல் வளைவில் பிடிக்கும், இரண்டாவதில் பிடிக்கும். மூன்றாவதற்குள் டிரம் சிவக்கச் சூடேறி, லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். முன்னால் போகிற லாரியிலிருந்து கருகிய நாற்றம் ஒன்று வரும். பழகிய மூக்குக்கு அது தெரியும். அந்த நாற்றம் வந்தால் நான் ஓரமாக நிறுத்தி, அந்த லாரி எனக்கு முன்னே தூரமாகப் போகும்வரை காத்திருப்பேன். என் பின்னால் வருகிறவனிடமிருந்து அந்த நாற்றம் எனக்கு வராது என்பதுதான் கவலை.

டென்வரிலிருந்து மேற்கே போகும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல். சுரங்கத்தை விட்டு மேற்கே வெளியே வந்ததும் சில்வர்த்தோர்ன் ஊர்வரை ஒரே சரிவு. நூறு அடிக்கு ஏழு அடி இறங்குகிற சாய்வு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 20,000 பவுண்டு, அதாவது ஒன்பது டன், அங்கே 2,000 அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. இந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் எங்காவது சூடாகப் போய்த்தான் ஆகவேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் பதினைந்து மணி நேரம் எரியவிட்டால் வருகிற சூடு அது. பதினைந்து நிமிடத்துக்குள் அத்தனையையும் நாலைந்து ஜோடி பிரேக்குகள் விழுங்கவேண்டும் என்றால் எப்படி விழுங்கும்?

விழுங்கவேண்டியது எஞ்சின். மலை உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் சரிவில் நுழையவேண்டும். வேகம் பிடித்த பிறகு கியர் மாற்றுவதெல்லாம் தாமதமான புத்தி. தானியங்கிக் கியர் வண்டிகளில் டிரெய்லர் இழுக்கும்போது போடுவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கியர் அவசரப்பட்டு மேலே ஏறாது. டீசல் வண்டி என்றால், புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிற எக்சாஸ்ட் பிரேக்கும் இருக்கும். அதை மலை ஏறும்போதே போட்டு வைக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு வேகம் கூடினால், பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மறுபடி கூடினால் மறுபடி. காலை லேசாக மிதித்தபடியே இறங்குவது, அடுப்பை அணைக்காமல் பாலைக் கிளறிக்கொண்டே இருப்பது போல; எப்போது பொங்கும் என்று சொல்லமுடியாது.

அதே சாலையில் டென்வருக்குத் திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஒரு பலகையைக் காட்டினார். லாரிக்காரர்களே, ஏமாந்துவிடாதீர்கள், செங்குத்துச் சரிவும் கூர்வளைவும் இன்னும் நாலு மைல் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தொப்பூரிலும், மேலுமலையிலும் நான் பழக்கிய பையன்களுக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்: தரை தட்டையாகத் தெரிந்ததும் காலை விடாதே, இறக்கம் முடியவில்லை.

டிரெய்லரின் மின் பிரேக்குக்குச் சரியான அழுத்தம் வைப்பது தனி வேலை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சின்னப் பெட்டியும், கையால் தள்ளும் நெம்பும் இருக்கும். காலியான தட்டைச் சாலையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகும்போது நெம்பை மட்டும் தள்ளிப் பார்க்கவேண்டும். யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுப்பது போல டிரெய்லர் வண்டியை இழுத்துப் பிடித்தால் சரி. டிரெய்லர் சக்கரம் நின்று தேய்ந்தால் அழுத்தம் அதிகம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் குறைவு. ஈரச் சாலையில் இதை மறுபடி பார்க்கவேண்டும். பெரிய லாரி தாண்டிப்போகும் காற்றில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இந்த நெம்பை மட்டும் தள்ளினால் டிரெய்லர் நேராகிவிடும். கிங் பின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ இருப்பதால், வாலில் கொக்கி போட்டு இழுக்கிற டிரெய்லரைவிட இது குறைவாகவே ஆடும்.

ஆனால் திரும்பும்போது இது உள்பக்கமாக அதிகம் வெட்டும். தர்மபுரி நான்கு ரோட்டில் நீள டிரெய்லர் திரும்பும்போது ஓரத்தில் நிற்கிறவர்கள் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முன் வண்டி அழகாகத் திரும்பிவிடும், பின் சக்கரம் நடைபாதையில் ஏறும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால், வலப்பக்கத் திருப்பம்தான் குறுகல். நேராக இன்னும் கொஞ்சம் முன்னே போய், பிறகு ஒடிக்கவேண்டும். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை: டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். பின்னால் நின்று வழிகாட்டுகிறவர் கண்ணாடியில் தெரியவேண்டும். "ஹோல்டான்" என்ற ஒரு சொல்லுக்கு ஓட்டுநர் கேள்வி கேட்காமல் நிற்கவேண்டும். என் மகளும் மாப்பிள்ளையும் எந்த விஷயத்திலும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை, முகாமில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கிற அந்த ஐந்து நிமிடத்தைத் தவிர.

உயரத்தைத் தம்பி டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டட்டும். பதின்மூன்று அடிக்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரணக் கைப்பேசி வரைபடம் காருக்கு வழி சொல்லுமே தவிர, டிரெய்லரின் தலையை நினைத்துப் பார்க்காது.

டயர் விஷயத்தில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். இந்த டிரெய்லர்கள் வருடத்தில் பாதி நாள் வெயிலில் நின்றபடியே இருப்பதால் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடலாம். டிரெய்லர் டயர்களில் பல, மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. சாலைப் பலகை 75 என்று சொன்னாலும் டயர் 65தான். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கவேண்டும்.

உரிமம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே பெரிய சரக்கு வண்டி ஓட்ட உரிமம் கேட்டால், இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்கவேண்டும் என்பார்கள். அங்கே பல மாநிலங்களில் கார் உரிமத்தை வைத்துக்கொண்டே இதைச் சொந்த உபயோகத்துக்கு இழுக்கலாம். கலிஃபோர்னியா மாதிரி சில இடங்களில் 10,000 பவுண்டைத் தாண்டினால் கூடுதல் தேர்வு உண்டு. தேர்வு இல்லாத ஊரில் இருப்பதால் தம்பிக்குப் பழக்கம் தானாக வந்துவிடாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக்கொண்டு முன்னே பின்னே எடுத்துப் பழகட்டும்.

முதல் பயணம் மலைக்கு வேண்டாம். டென்வரிலிருந்து கிழக்கே கான்சஸ் பக்கம் போனால் நிலம் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். மலையை மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் பகலில். நீங்கள் முன்னிருக்கையில்தான் உட்காரப்போகிறீர்கள். பூட்டி முடித்து, தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியைப் போடும்போது, "இழுத்துப் பார்த்தாயா?" என்று ஒருமுறை கேளுங்கள்.